காத்திருப்பின் கணக்கு: படித்த இந்தியர் நிலைபெறத் தேடும் நாடுகள்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் படித்த இந்தியர், நிரந்தரமாகத் தங்க ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பவை நான்கு: சம்பளம், வசிப்புரிமை, பிள்ளைகளின் எதிர்காலம், ஊரில் தனியே இருக்கும் பெற்றோர். நான்கையும் ஒருசேரத் தரும் நாடு எதுவும் இல்லை. அமெரிக்கா சம்பளத்தை முதலிலும் வசிப்புரிமையைக் கடைசியிலும் தருகிறது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் வசிப்புரிமையை முதலில் தந்து, வேலை தேடும் பொறுப்பை வந்தவரிடமே விட்டுவிடுகின்றன. ஜெர்மனி மொழியைக் கேட்கிறது. வளைகுடா நாடுகள் வருமான வரி பிடிக்காத சம்பளத்தைத் தருகின்றன. குடியுரிமைப் பேச்சை எடுப்பதில்லை.

இந்தத் தேர்வில் செலவாகும் பொருள்களில் விலை உயர்ந்தது வயது. படிப்பை முடித்து வேலையில் அமர்வதற்கும் நாற்பத்தைந்தை எட்டுவதற்கும் இடைப்பட்ட சுமார் இருபது ஆண்டுகளுக்குள் வீடு, குழந்தைகள், குடியுரிமை எல்லாம் முடிந்தாக வேண்டும். குடியேற்றச் சட்டங்களும் பெரும்பாலும் வயதை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒரு நாடு எவ்வளவு தருகிறது என்பதோடு, எத்தனை ஆண்டு காக்க வைக்கிறது, காத்திருக்கும் காலத்தில் விதியை மாற்றுமா என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது. சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுப்பவர் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்.

அமெரிக்காவின் கதவு இந்தியருக்குத் திறந்தது 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால். பிறந்த நாட்டை வைத்து ஐரோப்பியருக்குச் சலுகை காட்டிய பழைய ஒதுக்கீட்டை அந்தச் சட்டம் ஒழித்தது. மருத்துவர்களும் பொறியாளர்களும் போகத் தொடங்கினார்கள். இன்றைய ஏற்பாடு 1990-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. திறன் பணியாளருக்கான தற்காலிக எச்-1பி விசா பிறந்தது அந்தச் சட்டத்தில்தான். வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) என்பதும், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதும் அதிலேயே முடிவாயின. 1,40,000-இல் 7 சதவீதம் 9,800. இதற்குள் விண்ணப்பதாரரின் மனைவி, பிள்ளைகளும் அடக்கம். மறுபுறம் எச்-1பி விசாவுக்கு நாடுவாரி உச்சவரம்பு கிடையாது. ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000 என்ற அளவுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம். அனுமதிகளில் பெரும்பங்கு இந்தியருக்கே போகிறது. உள்ளே வரும் வாசல் அகலம், நிலைபெறும் வாசல் குறுகல் என்பதால் நடுவில் பல லட்சம் பேர் தேங்கி நிற்கிறார்கள்.

அந்தத் தேக்கத்தை மாதந்தோறும் அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிடும் விசா அறிக்கையில் பார்க்கலாம். அதில் இடப்பக்கம் வேலைவாய்ப்புப் பிரிவுகள், மேலே நாடுகள், கட்டங்களுக்குள் தேதிகள். தொழிலாளர் துறையில் நிறுவனம் மனுக் கொடுத்த நாளே விண்ணப்பதாரரின் முன்னுரிமைத் தேதி. கட்டத்தில் உள்ள தேதி அதைத் தாண்டினால்தான் கிரீன் கார்டு. 2025-இன் நடுவில், முதுகலைப் பட்டதாரிகளுக்கான இரண்டாம் பிரிவிலும் அடுத்த மூன்றாம் பிரிவிலும் இந்தியாவுக்கான கட்டத்தில் இருந்தவை 2013-ஆம் ஆண்டுத் தேதிகள். பன்னிரண்டு ஆண்டு முன்பு மனுப் போட்டவரின் முறை அப்போதுதான் வந்தது. இன்று மனுப் போடுபவருக்கும் பன்னிரண்டு ஆண்டுதான் என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் தவறு. வரிசை அதன் பிறகு பல மடங்கு நீண்டுவிட்டது. புதிதாகச் சேர்பவர் பணி ஓய்வுக்குள் கார்டைப் பார்ப்பாரா என்பதே ஐயம்.

இங்கே நாடு என்பது பிறந்த நாடு. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது கணக்கில் வராது. ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்து, ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பொறியாளர்களை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் மதுரையில் பிறந்தவர். மற்றவர் தந்தை குவைத்தில் வேலை பார்த்த காலத்தில் அங்கே பிறந்து, மதுரையில் வளர்ந்தவர். இருவரும் இந்தியக் குடிமக்கள். குவைத்தில் பிறந்தவர் குவைத் கணக்கில் இரண்டு மூன்று ஆண்டில் கார்டு வாங்கிவிடுவார். மதுரைக்காரர் இந்தியக் கணக்கில் நிற்பார். வாழ்க்கைத் துணை வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் கணக்கில் நிற்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. நேபாளத்திலோ இலங்கையிலோ பிறந்தவரை மணந்த இந்தியருக்கு இது பெரிய விடுதலை.

காத்திருப்பவரை அமெரிக்கா துரத்துவதில்லை. எச்-1பி விசாவின் ஆறு ஆண்டு உச்சவரம்பை, கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டவர்களுக்கு நீட்டித்துக்கொண்டே போக 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்தது. 2015 முதல் காத்திருப்பவரின் மனைவியோ கணவரோ வேலைக்குப் போகவும் அனுமதி கிடைத்தது. ஆனால் வேலை போனால் 60 நாளுக்குள் வேறு நிறுவனம் தேட வேண்டும். இல்லையேல் வீட்டுக் கடனோடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் கிளம்ப வேண்டியதுதான். அதைவிடக் கடுமையானது 21 வயது விதி. மூன்று வயதில் பெற்றோரோடு போன மூத்த மகன், கார்டு வருமுன் 21-ஐத் தாண்டினால் அவர்களைச் சார்ந்தவன் என்ற நிலையை இழக்கிறான்; மாணவர் விசா வாங்க வேண்டும் அல்லது நினைவில் இல்லாத இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும். அங்கேயே பிறந்த அவன் தங்கை அமெரிக்கக் குடிமகள். ஒரே வீட்டில் இரண்டு சட்ட நிலை. 2002-இல் வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் வயதைக் கணக்கிடும் முறையைச் சற்றுத் தளர்த்தியதே தவிர, இந்தியர் நிற்கும் நீளத்துக்கு அது போதவில்லை.

நாடுவாரி வரம்பை நீக்கும் மசோதா 2019-இல் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்ற வாக்கில் நிறைவேறியது. செனட் 2020 டிசம்பரில் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் இணைக்குமுன் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது. 2025 செப்டம்பரில் வந்த அதிபர் பிரகடனம் வெளிநாட்டிலிருந்து வரும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. அமெரிக்கா இன்றும் சம்பாதிக்கவும் தொழில் கற்கவும் இணையற்ற நாடு. ஆனால் இந்தியாவில் பிறந்து இன்று புதிதாக வரிசையில் சேரும் ஒருவர், அதை நிலைபெறும் நாடாக எண்ணித் திட்டமிடுவதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

கனடா 1967-இல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. பிறந்த நாடு பார்க்கப்படுவதில்லை. படிப்பு, வயது, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண். 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் மொத்தம் 1,200 புள்ளிகள். விண்ணப்பித்தவர்களில் மேலே இருப்பவர்களைக் குறிப்பிட்ட நாள்களில் அரசு அழைக்கிறது. வயது எப்படி விலையாகிறது என்பதை இந்த அட்டவணையைப் போல் வேறெதுவும் காட்டாது. தனியாக விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை 110 புள்ளி. 30-இல் 105, 35-இல் 77, 40-இல் 50, 45-இல் பூஜ்யம். முப்பதுகளில் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஐந்தாறு புள்ளி கழிகிறது. அமெரிக்க வரிசையில் பத்தாண்டு நின்றபின் கனடாவுக்குப் போகலாம் என்று எண்ணுபவர் தம் சம்பளமும் அனுபவமும் ஏறியிருப்பதைப் பார்க்கிறார்; புள்ளி இறங்கியிருப்பது விண்ணப்பம் போடும்போதுதான் தெரிகிறது.

அந்த இறக்கத்தை ஈடுகட்டப் பலருக்குத் தோன்றாத வழி பிரெஞ்சு. 2023 முதல் கனடா பிரிவுவாரியாக அழைக்கிறது. 2025-இல் கனடாவில் பணி அனுபவம் உள்ளவர்களுக்கான அழைப்பு 500 புள்ளிக்கு மேலேயே நின்றபோது, பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான அழைப்பு 400-க்கும் கீழே இறங்கியதுண்டு. ஒன்றரை ஆண்டு பிரெஞ்சு படிப்பது, இன்னொரு பட்டத்துக்குச் செலவழிப்பதைவிட ஆதாயம்.

கனடாவின் சிக்கல் வந்திறங்கிய பிறகு தொடங்குகிறது. மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் உரிமங்கள் மாகாணத் தொழில் அமைப்புகளின் கையில். குடியேற்றத் துறை புள்ளி கொடுத்து வரவேற்ற படிப்பை உரிமம் தரும் அமைப்பு ஏற்காமல் போவது அங்கே பழைய கதை. ஒன்டாரியோவில் பொறியாளர் உரிமத்துக்குக் கனடா அனுபவம் வேண்டும் என்ற விதி நீங்கியதே 2023-இல்தான். வீட்டு வாடகையும் கையைக் கடிக்கிறது. அரசும் கதவைக் கொஞ்சம் சாத்தியிருக்கிறது: 2025-க்கு 5,00,000 பேர் என்றிருந்த நிரந்தர வசிப்புரிமை இலக்கு 3,95,000 ஆனது, வேலை உறுதிக் கடிதத்துக்குக் கிடைத்த கூடுதல் புள்ளிகள் 2025 மார்ச்சில் நீங்கின. ஆயினும் ஐந்தாண்டில் 1,095 நாள் அங்கே வசித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி நிற்கிறது. தமிழருக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. 1983-க்குப் பின் அகதிகளாக வந்த ஈழத்தமிழர் டொராண்டோவைச் சுற்றிக் கட்டியெழுப்பிய கோயில்களும் கடைகளும் தமிழ் வகுப்புகளும் இப்போது தமிழ்நாட்டிலிருந்து போகும் மென்பொருள் பொறியாளரின் பிள்ளைக்கும் பயன்படுகின்றன. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கனடா நாடாளுமன்றம் 2016-இல் அறிவித்தது அவர்கள் உழைப்பின் பலன்.

ஆஸ்திரேலியா, வெள்ளையருக்கே இடம் தந்த குடியேற்றக் கொள்கையை 1973-இல் முற்றாகக் கைவிட்ட நாடு. இன்று அதன் புள்ளி முறை கனடாவுடையதைப் போன்றது, இன்னும் கறாரானது. 25 முதல் 32 வயதுக்கு 30 புள்ளி, 40 முதல் 44 வரை 15, 45 ஆகிவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது. குறைந்தபட்சத் தேவை 65. போட்டியில் அது போதுவதில்லை. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் நீங்கலான வட்டாரங்களில் வசிக்க ஒப்புக்கொள்பவருக்கு 15 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். பெர்த், அடிலெய்டு போன்ற பெரிய நகரங்களும் இந்த வட்டாரக் கணக்கில் சேர்வதால் இதைத் தியாகம் என்று சொல்ல முடியாது. சமூக மொழித் தேர்வு ஒன்றில் தேறினால் 5 புள்ளி. அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே பேச்சை மாற்றிச் சொல்லத் தெரிந்திருப்பது குடியேற்ற மதிப்பெண்ணாக ஆகும் இடம் இது. சட்டப்படி நான்காண்டு வசித்து, அதில் கடைசி ஓராண்டு நிரந்தர வசிப்புரிமையோடு இருந்தால் குடியுரிமை கேட்கலாம்.

விதி நடுவழியில் மாறுவதற்கு எடுத்துக்காட்டு பிரிட்டன். 2002-இல் அது உயர்திறன் குடியேறிகள் திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டனையே தம் முதன்மை வசிப்பிடமாக ஆக்கிக்கொள்வதாக விண்ணப்பதாரர்கள் உறுதி சொல்ல வேண்டியிருந்தது. இந்தியர் பலர் வேலையை விட்டு, வீட்டை விற்றுப் போனார்கள். 2006-இல் நிரந்தர உரிமைக்கான காலம் நான்கிலிருந்து ஐந்து ஆண்டாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் நீட்டிப்புக்குப் புதிய புள்ளிக் கணக்கு வந்தது. ஏற்கனவே உள்ளே இருந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் எச்எஸ்எம்பி ஃபோரம் என்ற அமைப்பாகத் திரண்டு வழக்குப் போட்டார்கள். 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அரசின் செயல் சட்டத்துக்குப் புறம்பானது என்றது. 2009-இல் நான்காண்டு விதி குறித்தும் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வழக்கில் வென்றாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் கிளம்பிப் போனவர்களுக்கு அந்த ஆண்டுகள் திரும்பவில்லை. இப்போது அதே கதை பெரிய அளவில் நடக்கிறது. திறன் பணியாளர் விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டாகவும் 2025 ஜூலையில் 41,700 பவுண்டாகவும் ஏறியது. நிரந்தர உரிமைக்கான ஐந்தாண்டைப் பத்தாண்டாக்க 2025 மே மாத வெள்ளை அறிக்கை முன்மொழிந்தது. விசாவோடு கட்ட வேண்டிய மருத்துவக் கூடுதல் கட்டணமே ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. வசிப்புரிமை முத்திரை விழும் நாள்வரை பிரிட்டிஷ் விதி எதையும் உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே அங்கு வாழ்ந்தவர்களின் பாடம்.

ஜெர்மனி எதிர்த்திசையில் பயணம் செய்த நாடு. 2000-இல் அன்றைய சான்சலர் ஷ்ரோடர் கணினித் துறையினருக்கு ஜெர்மன் கிரீன் கார்டு அறிவித்தபோது, எதிர்க்கட்சி அரசியல்வாதி யூர்கன் ரூட்கர்ஸின் மாநிலத் தேர்தல் பிரசாரம் இந்தியருக்குப் பதில் பிள்ளைகளைப் பெறுவோம் என்ற பொருளில் ஒரு முழக்கத்தோடு சேர்ந்து பேர் பெற்றது. பெயரில்தான் கிரீன் கார்டு. அனுமதி ஐந்தாண்டுக்கு மட்டும். எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வரவில்லை. 2012-இல் வந்த, உயர்திறன் பணியாளருக்கான ஐரோப்பிய புளூ கார்டு கதையை மாற்றியது. அதை வைத்திருப்பவர் அடிப்படை ஜெர்மன் தெரிந்தால் 27 மாதத்திலும், பி1 என்ற இடைநிலை அளவு தெரிந்தால் 21 மாதத்திலும் நிரந்தர வசிப்புரிமை பெறலாம். 2024 ஜூனில் குடியுரிமைக்கான எட்டாண்டு ஐந்தாண்டாகக் குறைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியத் திறன் பணியாளருக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-இலிருந்து 90,000 ஆக உயர்த்தும் முடிவு அறிவிக்கப்பட்டது. சீக்கிரம் நிலைபெறுவதே நோக்கம் என்றால் இன்று பட்டியலில் முதலில் வைக்க வேண்டிய நாடு ஜெர்மனி. பெர்லினில் ஆங்கிலம் பேசியே அலுவலகத்தில் காலம் தள்ளலாம். பிள்ளையின் ஆசிரியரிடமோ வரி அலுவலகக் கடிதத்திடமோ அது செல்லாது. மொழி படிக்க மனமில்லாதவருக்கு இந்த வழி அடைபட்டதே.

வளைகுடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் மட்டும் இந்தியர் 35 லட்சத்துக்கு மேல். பத்தாண்டு கோல்டன் விசா வந்த பிறகு மருத்துவர்களுக்கும் உயர்பதவிப் பொறியாளர்களுக்கும் வேலையோடு விசா போய்விடும் அச்சம் தணிந்தது. ஆயினும் அது புதுப்பிக்க வேண்டிய அனுமதியே. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையும் இந்தியப் பாஸ்போர்ட்டோடுதான் இருக்கிறான். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, சென்னை நான்கு மணி நேரப் பயணத்தில். நிரந்தர வசிப்புரிமை அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. பெற்றோரைச் சார்ந்து அதைப் பெறும் மகன் இரண்டாண்டு தேசிய சேவை செய்ய வேண்டும். மகன் உள்ள குடும்பங்கள் இதை விண்ணப்பிக்கும் முன்பே பேசி முடிப்பது நல்லது.

பெற்றோர் விஷயத்தில் கணக்கு தலைகீழாகிறது. சீக்கிரம் வசிப்புரிமை தரும் ஆஸ்திரேலியாவில் பெற்றோரை நிரந்தரமாக அழைக்க, பணம் கட்டும் பிரிவில் ஒருவருக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவு. பணம் கட்டாத பிரிவில் காத்திருப்பு 30 ஆண்டு அளவில் என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறையே சொல்கிறது. எழுபது வயது அப்பாவுக்கு அந்தப் பிரிவு இருந்தும் இல்லாததுதான். பிரிட்டன் 2012-இல் விதியை இறுக்கியபின் பெற்றோரை அழைப்பது குதிரைக் கொம்பு. கனடாவில் குலுக்கல்; ஆனால் பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரு வருகைக்கு ஐந்தாண்டு வரை தங்கலாம். தன் வரிசையில் இத்தனை ஆண்டு நிற்க வைக்கும் அமெரிக்காவோ, 21 வயது நிறைந்த குடிமகனின் பெற்றோருக்கு எண்ணிக்கை வரம்பே வைக்கவில்லை.

நிரந்தரம் என்ற சொல்லுக்கும் ஒவ்வொரு நாட்டில் ஒவ்வொரு ஆயுள். அமெரிக்கக் கார்டுக்காரர் முன் அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் உரிமை கேள்விக்குள்ளாகும். கனடாவில் ஐந்தாண்டில் 730 நாள் இருக்க வேண்டும். பிரிட்டனின் உரிமை இரண்டாண்டு தொடர்ந்து வெளியே இருந்தால் போய்விடும். நியூசிலாந்தின் நிரந்தர வசிப்பு விசாவுக்கு மட்டும் காலாவதி இல்லை. வாங்கிவிட்டு எங்கு போனாலும் திரும்பலாம். தாய் தந்தையைப் பார்க்க இரண்டு மூன்று ஆண்டு ஊரில் இருந்தாக வேண்டிய நிலை யாருக்கும் வரலாம் என்பதால், இந்த எண்களை விண்ணப்பத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

திரும்பி வருபவரின் பணத்துக்கும் நாட்டுக்கு நாடு வேறு விதி. ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு, அமெரிக்காவோடு இல்லை. அங்கே ஓய்வூதிய உரிமைக்கு 40 காலாண்டு, அதாவது பத்தாண்டு, பங்களிப்பு வேண்டும். ஒன்பதாம் ஆண்டில் கிளம்புபவர் கட்டியது அங்கேயே தங்கிவிடும். மேலும் அமெரிக்கக் குடிமகன் சென்னையில் குடியிருந்தாலும் ஆண்டுதோறும் அமெரிக்காவுக்கு வரிக்கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டில் போட்ட பணத்துக்கு அங்கே தனியாகக் கடுமையான வரி விதி இருக்கிறது. மற்ற நாடுகளின் பாஸ்போர்ட்டில் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக இந்தியாவின் பக்கம். 2022-இல் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையைக் கைவிட்டார்கள். அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளிலும் எண்ணிக்கை 2 லட்சத்துக்கு மேல்தான். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தரவில்லை. ஜெர்மனி தன் பக்கத்தில் அனுமதித்தாலும் இந்தியருக்கு அதனால் பயன் இல்லை. 2006 முதல் வழங்கப்படும் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டை வாழ்நாள் விசாவும், வேலை செய்யும் உரிமையும் தருகிறது. வாக்குரிமையும் அரசுப் பதவியும் தருவதில்லை. விளைநிலம் வாங்க முடியாது என்பதைக் குடியுரிமை மாறியதன் இழப்பாகச் சொல்வது வழக்கம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கும் அதே தடை உண்டு. பரம்பரையாக வரும் வயலை இருவருமே வைத்துக்கொள்ளலாம். வேறு நாட்டின் குடியுரிமையை ஏற்ற அன்றே இந்தியப் பாஸ்போர்ட் செல்லாததாகிறது. அதைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிய பிறகே ஓசிஐ-க்கு விண்ணப்பிக்க முடியும். பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் அபராதம் உண்டு.